சர் சாந்தி சுவரூப் பட்நாகர்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்த பழமொழி. மலைப்பிரசங்கத்திலே நம் ஆண்டவரும் தம் அடியவரை உப்புக்கு ஒப்பிட்டருளினார். உணவுக்குச் சுவை தருவதும், மீனையும் தோலையும் கெடாது காப்பதும் உப்பே. ஆயினும், அவ்வுப்பே சில தொழில்களுக்குத் தீராப் பகையாய் நிற்பதும் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் வட சென்னைக் கடற்கரையிலே, கடல்நீரை முகந்து துணியிற் சவர்க்காரம் தேய்ப்பார்க்கு நுரை எழுவதில்லை. வெள்ளிய கசடே மிதக்கும். அதே சவர்க்காரம் மழைநீரிற் பொங்கி நுரைக்கும். இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? வெப்பமும் குளிரும் இதில் என்ன செய்கின்றன?

சிறுவர் கேள்விபோலத் தோன்றும் இவற்றை ஒட்டிய ஆராய்ச்சியிலே இளமையில் இறங்கிய ஒருவர், பிற்காலத்தில் எண்ணெய்க் கிணறுகளின் இடரை நீக்கினார். நாடெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களை எழுப்பினார். அவரே சர் சாந்தி சுவரூப் பட்நாகர். அவர் நம்மைப் போன்றே ஒரு கிறிஸ்தவ மிஷன் கல்லூரியிற் பயின்றவர் என்பது நமக்கு உவகை தருவதாகும். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பஞ்சாபிலே ஷாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பேரா என்னும் ஊரில், 1894-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ம் நாள் சாந்தி சுவரூபர் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது பாகிஸ்தான் நாட்டில் உள்ளது. குழந்தைக்கு எட்டு மாதம் நிறைந்த அளவிலே தந்தையார் உலக வாழ்வை நீத்தார். கைம்பெண்ணாகிய தாயார் மகவை ஏந்திக்கொண்டு, ஐக்கிய மாகாணத்துச் சிக்கந்தராபாத்தில் வாழ்ந்த தம் தந்தையார் இல்லத்தை அடைந்தார். பாட்டனார் பொறியியல் வல்லுநர். அவர் வீட்டிற் கிடந்த கருவிகளே பேரனுக்கு விளையாட்டுப் பொருள்களாயின. பிரித்துப் பார்த்தலும், பிரித்ததை மீண்டும் பூட்டுதலும் அப்பருவத்திலேயே அவர்க்குப் பழக்கமாயிற்று.

1908-ம் ஆண்டில், தந்தையாரின் நண்பர் இலாலா ரகுநாத் சகாய் என்பவர் அவரை இலாகூருக்கு அழைத்துச் சென்று, தாம் தலைமையாசிரியராயிருந்த தயாள் சிங் உயர்நிலைப் பள்ளியிற் சேர்த்தார். பதினேழாம் வயதில், மின்கலங்களுக்கு வேண்டும் கரித்தண்டுகளை வெல்லப்பாகும் கரிப்பொருளும் கொண்டு எளிதிற் செய்யலாகும் முறையொன்றைக் கண்டு, அலகாபாத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அது 1911-ம் ஆண்டில் அச்சேறியது. விலையுயர்ந்த அயல்நாட்டுப் பொருளுக்கு நம் நாட்டுக் கழிபொருளை ஈடாக்கும் அவ்வெண்ணம் அவர் வாழ்நாள் முழுவதும் மறையவில்லை.

மிஷன் கல்லூரியில்

தயாள் சிங் கல்லூரியிலே முதலிரண்டாண்டுகள் பயின்ற காலத்தில் அவர் நாடகத்திலும் கவிதையிலும் பெரிதும் ஈடுபட்டார். உருது மொழியில் அவர் இயற்றிய நாடகம் ஒன்று பாராட்டும் பெற்றது. விஞ்ஞானம் பயில்வார்க்கு இலக்கியம் ஆகாது என்றும், இலக்கியம் பயில்வார்க்கு விஞ்ஞானம் வேண்டா என்றும் நம்மிடையே பேசப்படும் பேச்சுக்கு இவர் வாழ்க்கையே மறுமொழி. தமிழ் பயிலும் நாம் இவர் வரலாற்றை எழுதத் துணிந்ததும் அது பற்றியே.

1913-ம் ஆண்டில் அவர் இலாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அமெரிக்கப் பிரஸ்பிட்டீரியன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் பார்மன் என்னும் ஊழியர் 1864-ம் ஆண்டில் நிறுவிய கல்லூரி அது. அங்கே 1916-ல் பி.எஸ்ஸி. பட்டமும், 1919-ல் இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். இடையே குடும்பப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. தம்மை ஆதரித்த ரகுநாத் சகாயின் மகளாராகிய இலாஜ்வந்தி அம்மையாரை 1915-ல் மணந்தார். இல்லறம் நடத்துதற்குக் கல்லூரியிலே செய்முறைப் பயிற்சி ஆசிரியராய் அமர்ந்து, பொருள் ஈட்டிக்கொண்டே கற்றார்.

இலண்டன் சென்றமை

தயாள் சிங் அறநிலையத்தார் உதவிச் சம்பளம் அளித்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். முதல் உலகப்போர் அப்பொழுதுதான் முடிந்திருந்தது. இலண்டனை அடைந்தபொழுது, அமெரிக்கா செல்லும் கப்பல்களில் இடமெல்லாம் ஊர் திரும்பும் போர்வீரர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆதலின், அறநிலையத்தாரின் இசைவு பெற்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பேராசிரியர் பிரடரிக் டானன் என்பாரிடம் மாணவராய் அமர்ந்தார். கப்பலில் இடம் கிட்டாமை தீப்பேறு போலத் தோன்றியது; உண்மையில் அதுவே அவர்க்கு நல்வழி காட்டிற்று. டானன் அக்காலத்துக் கூழ்ம ஆராய்ச்சியில் தலைசிறந்தவர்களுள் ஒருவர்.

ஆங்கு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி யாதெனின், எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களைப் பற்றியது. கொழுப்பமிலங்களோடு கால்சியம், அலுமினியம் முதலியவை சேர்ந்துண்டாகும் உப்புகள் எண்ணெயில் எவ்வளவு கரைகின்றன என்பதும், அவை எண்ணெயின் பரப்பு இழுவிசையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதும் அவருடைய டி.எஸ்ஸி. பட்டத்துக்குரிய ஆராய்ச்சிப் பொருள். 1921-ல் அப்பட்டம் பெற்றார்.

எண்ணெயும் நீரும்

இவ்வாராய்ச்சியின் சிறப்பை உணர்தற்குச் சவர்க்காரத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். சவர்க்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் நீண்ட வாலுடைய தலைப்பிரட்டையை ஒத்தது. அதன் தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையிலே, தலை நீரிலும் வால் எண்ணெயிலுமாக அவை வரிசையாய் நிற்கும். அதனால் எல்லையின் இழுவிசை குறைந்து, எண்ணெய் நுண்துளிகளாய்ப் பிரிந்து நீரில் நிலைத்து நிற்கும். அளவுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் வாலை உள்ளடக்கித் தலையை வெளிக்காட்டிச் சிறுதிரள்களாய்க் கூடும். அழுக்கு நீங்குவதும் இத்தொழிலினாலேயே.

தலைகள் மின்னூட்டம் பெற்றவை; ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். கறியுப்பைச் சிறிது சேர்த்தால், உப்பின் அயனிகள் தலைகளைச் சூழ்ந்து அவ்விலக்கத்தைத் தணிக்கும். அப்பொழுது திரள்கள் எளிதிற் கூடும். உப்பு மிகுந்தாலோ சவர்க்காரம் நீரைவிட்டே பிரிந்து மேலே திரண்டுவிடும். சவர்க்காரம் காய்ச்சுவோர் கொதிக்கும் குழம்பில் உப்பைக் கொட்டிச் சவர்க்காரத்தைப் பிரித்தெடுப்பது இது பற்றியே. கடல்நீரிலோ கறியுப்போடு கால்சியமும் மக்னீசியமும் உள. அவை சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத கசடாகின்றன. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தின் வால் குறுகியதாகையால், அது உவர்நீரில் ஏனையவற்றினும் நன்கு நுரைக்கும். கப்பலோட்டிகள் கடலிற் குளிப்பதற்கு அதனையே கொண்டு சென்றனர்.

வெப்பத்தின் தொழிலும் இத்தகையதே. மாட்டுக்கொழுப்புச் சவர்க்காரம் தண்ணீரில் எளிதிற் கரைவதில்லை. நீர் குறித்ததோர் அளவு சூடேறியபின் விரைந்து கரையும். உப்பு மிகின் அவ்வளவு மேலும் உயரும். மின்னூட்டமில்லாத புதுவகைச் சலவைப் பொருள்கள் இதற்கு மாறானவை; அவற்றின் கரைசல் சூடேறுமிடத்துக் கலங்கும்; உப்பு சேரின் குறைந்த சூட்டிலேயே கலங்கும்.

இனி, பால்மம் இருவகைப்படும். பாலைப்போல நீரினுள் கொழுப்புத் துளி நிற்பது ஒன்று. வெண்ணெயைப்போலக் கொழுப்பினுள் நீர்த்துளி நிற்பது மற்றொன்று. தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கும்பொழுது முன்னது பின்னதாய் மாறுகின்றது. கோடையிலே குளிர்ந்த நீரும், பனிக்காலத்திலே வெந்நீரும் வார்த்துக் கடையும் நம் தாய்மார், இம்மாற்றத்துக்கு வெப்பநிலை இன்றியமையாதது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள்.

சவர்க்காரத்தால் நிலைத்த பால்மத்தில் எந்த உப்பை எவ்வளவு சேர்த்தால் அது தலைகீழாய் மாறும் என்பதைப் பட்நாகர் ஆராய்ந்தார். மாறும் கணத்தை அறிய அவர் கையாண்ட வழி எளியதும் அழகியதுமாகும். நீர் புறத்தே சூழ்ந்திருக்கும்வரை பால்மத்தின் வழியே மின்சாரம் பாயும்; எண்ணெய் புறத்தே சூழ்ந்தவுடன் மின்சாரம் தடைப்படும். மின்னளவியின் முள் வீழ்வதைக் கண்டு பால்மம் புரண்டதை அறிந்தார். அலுமினியம் போன்ற மூவிணைதிற அயனிகள் பேரியம் போன்ற ஈரிணைதிற அயனிகளினும் வலிமையுடன் பால்மத்தைப் புரட்டுவதையும் கண்டார். இவ்வாராய்ச்சிகள் 1920, 1921-ம் ஆண்டுகளில் இலண்டன் இரசாயனக் கழகத்தின் வெளியீட்டில் வந்தன.

காசியும் இலாகூரும்

1921-ல் தாய்நாடு திரும்பியவுடன் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மூன்றாண்டுகளே ஆங்கிருந்தார், எனினும் அப்பல்கலைக்கழகத்தின் வாழ்த்துப்பாடலை இந்தியில் இயற்றியவர் அவரே. கூழ்ம ஆராய்ச்சியாளர் ஒருவர் யாத்த பாட்டு இன்றும் அங்கே விழாக்களிற் பாடப்படுகின்றது.

1924-ல் இலாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். பொருள்களின் காந்த இயல்பைக் கொண்டு அவற்றின் இரசாயன அமைப்பை அறியும் துறையில் அவர் பெரும்புகழ் பெற்றது இக்காலத்திலேதான். 1928-ல் கே. என். மாதுர் என்பாரோடு கூடிக் காந்தத் தன்மையை அளக்கும் நுண்கருவியொன்றை அமைத்தார். இலண்டன் ஆடம் ஹில்கர் நிறுவனத்தார் அதனைச் செய்து விற்றனர். 1935-ல் அத்துறை பற்றி ஒரு பெருநூலும் எழுதி வெளியிட்டார்.

எண்ணெய்க் கிணற்றின் இடர்

1930-களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே அவர் வரலாற்றில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. இராவல்பிண்டிப் பகுதியில் அட்டாக் எண்ணெய்க் கம்பெனியார் நிலத்தைத் துளைத்து எண்ணெய் தேடினர். அத்தொழிலுக்குக் களிமண் சேறு இன்றியமையாதது. துளைக்கும் இரும்பைக் குளிர்விப்பதும், உடைந்த பாறைத் துகள்களை மேலே சுமந்து வருவதும் அச்சேறே. ஆனால், நிலத்தடியில் உவர்நீர் குறுக்கிட்டவுடன் இளகிய சேறு கட்டியாய் இறுகிவிட்டது. துளைக்கும் வேலை நின்றது.

கம்பெனியார் பட்நாகரை அணுகினர். பிறர்க்குப் பெரும்புதிராய் நின்றது அவர்க்கு இலண்டனிற் கண்ட பழைய பகையே ஆயிற்று. களிமண்ணின் நுண்துகள்களும் சவர்க்காரத்தின் தலைகளைப் போலவே மின்னூட்டம் பெற்றவை. அவை ஒன்றையொன்று விலக்கி நிற்பதனாலேயே சேறு இளகியிருக்கின்றது. உப்பு அவ்விலக்கத்தைக் கெடுக்க, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. உவர்நீரை நிலத்தடியிலிருந்து அகற்றுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், உப்பை விலக்க முயலாமல் துகளைக் காக்க முயன்றார். நம் நாட்டு மரப்பிசின் ஒன்றைச் சேற்றிற் கலந்தார். பிசின் துகள்களைப் போர்வைபோல் மூடிக்கொள்ள, உப்பு அவற்றை அணுகமாட்டாதாயிற்று. சேறு இளகி ஓடியது. துளைக்கும் வேலை தொடர்ந்தது.

கம்பெனியின் பொறுப்பாளராகிய இலண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார் மகிழ்ந்து, எண்ணெய் ஆராய்ச்சிக்கென ஒன்றரை இலட்சம் ரூபாய் அவர்க்கு அளிக்க முன்வந்தனர். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். அவரோ அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, பல்கலைக்கழகத்தின் வழியாகவே ஏற்று, எண்ணெய் ஆராய்ச்சிப் பகுதி ஒன்றை ஆங்கு நிறுவினார். மாணவர் பலர் அதனால் உதவிச் சம்பளம் பெற்றனர். மெழுகின் நாற்றத்தை நீக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துதல் முதலிய ஆராய்ச்சிகள் அங்கே நிகழ்ந்தன. பயன் கண்ட நிறுவனத்தார் பிற்பாடு தொகையையும் கால எல்லையையும் கூட்டி அளித்தனர். தந்தையில்லாப் பிள்ளையாய்ப் பிறர் உதவியாற் கற்ற ஒருவர், தம் கைக்கு வந்த பொருளைப் பிறர் கற்பதற்கே விட்டார் என்பது, எண்ணெய்க் கிணற்றைத் திறந்ததினும் அரிய செயல் என்பது நம் துணிபு.

நாடாளும் விஞ்ஞானம்

இரண்டாம் உலகப்போர் எழுந்தபொழுது, வணிகத்துறை உறுப்பினராயிருந்த ஆர்க்காடு இராமசாமி முதலியார் நம் நாட்டில் விஞ்ஞானத் தொழிலாராய்ச்சிக் குழு ஒன்று வேண்டுமென வலியுறுத்தினார். 1940-ல் அது தோன்றியது. முதலியார் அதன் தலைவராகவும், பட்நாகர் இயக்குநராகவும் அமர்ந்தனர். அதன் வளர்ச்சியாக 1942-ல் விஞ்ஞானத் தொழிலாராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1941-ல் சர் பட்டமும், 1943-ல் இலண்டன் இராயல் சொசைட்டி உறுப்பினர் என்னும் சிறப்பும் பட்நாகரை வந்தடைந்தன.

நாடு விடுதலை பெற்றபின், நேருவின் ஆதரவோடு அவர் தேசிய ஆராய்ச்சிக் கூடங்களை ஒவ்வொன்றாக எழுப்பினார். அவர் மறைவதற்குள் பன்னிரண்டு கூடங்கள் உருவாயின. பூனாவில் 1950-ம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆராய்ச்சிக் கூடத்துக்கு, சவர்க்காரத் திரள்களை முதன்முதல் எடுத்துரைத்த மக்பெயின் என்னும் அறிஞரே முதல் இயக்குநரானார். தமிழ்நாடும் பங்கு பெற்றது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் அது திறக்கப்பெற்றது. அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் 1948-லேயே அடிக்கல் நாட்டப்பட்டது. தோல் தொழிலிலும் பால்மமே அரசு செலுத்துகின்றது. பதனிட்ட தோலை வெதுவெதுப்பான எண்ணெய்ப் பால்மத்தில் உருட்டியே மென்மையாக்குகின்றனர். தோலில் உப்பு எஞ்சியிருப்பின் பால்மம் உடைந்து எண்ணெய் மேலேயே படிந்துவிடும்.

இத்துணைக் கூடங்களைத் தனியே எழுப்பின் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி நலிவுறும் என்று வருந்திய அறிஞரும் அக்காலத்தில் இருந்தனர். அவர் அச்சம் முற்றும் பொய்யாயிற்று என்று கூறுதற்கில்லை. ஆயினும், பட்நாகர் தாமே பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவராய் 1953-ல் அமர்ந்து கல்லூரிகளின் நலத்தையும் பேணலானார். அப்பணியை முற்றுவிக்கக் காலம் இடந்தரவில்லை.

நம் கடற்கரையும் அவர் கல்வியும்

நிற்க. இவ்வரலாறு நம் வட சென்னைக்கு எவ்வாறு உரியது என்று சிலர் வினவலாம். நிலத்தடியிலிருந்து வரும் கச்சா எண்ணெயிலே உவர்நீர் பால்மமாய்க் கலந்திருக்கும். அதனைச் சூடேற்றி, பால்மத்தை உடைக்கும் பொருள் சேர்த்து, மின்புலத்தினூடே செலுத்தி, உப்பை நீக்கிய பின்னரே காய்ச்சி வடித்தல் வேண்டும். 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு நடைபெறும் மணலி நமக்கு அண்மையிலேயே உள்ளது.

இன்னும் நெருங்கிய காரணமும் உண்டு. 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. வெளிப்பட்ட கன எண்ணெய் அலையில் அலைப்புண்டு, நீரை உள்ளடக்கிய தடித்த கூழாய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. பாலாயிருந்தது வெண்ணெயாய்ப் புரள்வது பட்நாகர் கண்ட மாற்றம். எண்ணெய் தானே நீரை விழுங்கித் தடிப்பது நம் கரையில் நேர்ந்த மாற்றம். இரண்டும் ஒரே நூலின் இரு பக்கங்கள். பெரிய பொறிகள் பயன்படாமையால், மக்கள் வாளிகளைக் கொண்டு கையாலேயே அதனை அள்ளினர். 2023-ம் ஆண்டு டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவர் வலையையும் படகையும் பாழாக்கியது.

எண்ணெயைச் சிதறச் செய்யும் மருந்துகளும் சவர்க்காரத்தின் இனத்தனவே. அவற்றுட் பல கடலின் உவர்ப்புக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. உவர்ப்புக் குறைந்த வெள்ள நீரில் அவற்றின் ஆற்றல் குன்றும். குளிரில் எண்ணெய் தடிக்குமாயின் அவை உட்புக மாட்டா. ஆழமில்லாத கழிமுகத்தில் தெளித்தாலோ, சிதறிய எண்ணெய் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சாகும். ஆகவே, உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று அறிந்து செயற்படல் வேண்டும். தேர்வுக்கென நாம் மனப்பாடம் செய்து மறக்கும் ஒரு பாடத்திலே ஒரு குப்பத்தின் உணவு அடங்கியுள்ளது.

மறைவு

1946-ல் இலாஜ்வந்தி அம்மையார் மறைந்தார். அத்துயரை ஆற்றமாட்டாது, தாம் இயற்றிய உருதுக் கவிதைகளுக்கு அவர் பெயரையே சூட்டினார் பட்நாகர். 1955-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மாரடைப்பினால் தில்லியில் அவர் உயிர் நீத்தார். அவர் பெயரால் ஏற்பட்ட விஞ்ஞானப் பரிசு 1958 முதல் நம் நாட்டு இளம் அறிஞர்க்கு வழங்கப்பட்டது.

பட்நாகரின் வாழ்வு நமக்கு அறிவுறுத்துவது யாது? அவர் உப்பை உலகினின்று நீக்கவில்லை. உவர்நீர் எங்கும் உண்டு. இடர் எவர்க்கும் உண்டு. உவரின் நடுவே துகளைக் காக்கும் பிசின் ஒன்றைத் தேடிக் கண்டார். கல்வியும் அத்தகைய பிசினே. தாம் பெற்ற அப்பிசினைத் தமக்கென ஒளித்து வையாது பிறர்க்கு ஈந்தமையாற்றான் அவர் பெரியோரானார். நம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் தோழர்கள், கண்ணாடிக் குழாயிற் காணும் எண்ணெயையும் நீரையும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சென்று காண்பாராக. ஏனைய துறையினராகிய நாமும், கற்றது எத்துணைச் சிறிதாயினும் அதனை முற்றக் கற்று, கரையில் நிற்பார்க்கு உதவ முந்துவோமாக.